ரிஸ்க் என்று நான் எழுதி வைத்த பெண்

சூளகிரிப் பக்கம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கட்டிய தொழிற்சாலையில், கட்டுமானத்தின்போது ஒரு மனிதர் செத்தார். அப்படி யாரும் சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே என் உத்தியோகம். ரிஸ்க் மேனேஜர் என்று என் அடையாள அட்டையில் அச்சடித்திருந்தது. இப்போது நீங்களும் அதே அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே உங்களிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உங்களை வேலைக்கு எடுத்தவர்கள் என்னிடம் உற்சாகமாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். உற்சாகம் வேண்டுமென்றால் அவர்கள் வேறு ஆளைப் பிடித்திருக்க வேண்டும். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். படிக்கப் பிடிக்காதவர்கள் மடிக்கணினியைத் திறந்து பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்களை நிரப்பப் போகலாம். நானும் இருபத்தாறு வருஷம் அதை நிரப்பியவன்தான்.

முதலில் என்னைப் பற்றி. பாரூர் ஏரிப் பக்கம் வளர்ந்தவன் நான். அத்தா கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டி வைத்திருந்தார். படித்து முடித்ததும் வெளிநாட்டுக் கட்டுமானக் கம்பெனிகளில் சேர்ந்து, பேர் தெரியாத ஊர்களிலெல்லாம் வேலை பார்த்தேன். ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றுப் பாலம் கட்டும்போது கரையில் மீன் பிடிப்பவர், துணி துவைக்கும் பெண்கள், டீ விற்பவர் என்று எல்லாரிடமும் போய் உட்கார்ந்து கேட்டேன். தண்ணீர் எங்கே வரை ஏறும், எந்தப் பக்கம் திரும்பும் என்று நச்சரித்தேன். மொழி தெரியாது, கையைக் காலை ஆட்டித்தான் பேச்சு. அவர்கள் சொன்னதை வைத்துத் தொழிலாளர் கூடாரங்களை மேட்டுக்கு மாற்றினோம். அடுத்த மாதமே பழைய இடத்தின் மேல் ஆறு போனது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து கேட்டே உயிரை வாங்குகிற ஆள் என்று கம்பெனியில் எனக்கு ஒரு பெயர் ஏற்பட்டது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பிறகு சொந்த மாவட்டத்திலேயே வேலை வந்தது. வந்த அன்றே கேட்பதை நிறுத்திவிட்டேன்.

தீர்மானம் பண்ணியெல்லாம் நிறுத்தவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றியது, அவ்வளவுதான். தமிழ் என் பாஷை. தெலுங்கும் கன்னடமும் சந்தைக்குப் போய்வரும் அளவுக்கு வரும். எந்த ஊரில் யார் சொன்னால் எடுபடும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பிராஜெக்ட் மேனேஜர் வெளிநாட்டுக்காரர், சுரங்க வேலையிலிருந்து வந்தவர், அதிகம் பேச மாட்டார். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், “இதை யார் நேரில் போய்ப் பார்த்தது?” என்று கேட்பார். பதில் வராவிட்டால் காகிதம் திரும்பி வந்துவிடும். அவரிடம் நான் கற்ற தொழில் கொஞ்சநஞ்சமல்ல. அப்படிப்பட்டவர் உள்ளூர் விஷயம் என்றால் மட்டும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான்தான் உள்ளூர் ஆள் ஆயிற்றே! நாற்காலியை விட்டு எழாமலே பதில் சொன்னேன், அவரும் நம்பினார்.

அந்த நிலத்தை ஏழெட்டுக் குடும்பங்களிடமிருந்து வாங்கிச் சேர்த்துக் கொடுத்தவர் ஓர் உள்ளூர் புரோக்கர். நிலம் கைமாறியதும் கேட் காவலுக்கு ஆள் வைக்கும் கான்ட்ராக்டையும் தனக்கே தரச் சொல்லிக் கேட்டார். கொடுத்துவிடலாம் என்று சிபாரிசு செய்தவன் நான். உள்ளூர் ஆளைப் பகைத்துக்கொண்டால் வேலை நிற்கும், ஆளை உள்ளே இழுத்துக்கொண்டால் அமைதி என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். மேலே பாராட்டினார்கள்.

அஸ்திவார வேலை முடிந்து, இரும்புத் தூண்களை நிறுத்தும் கட்டம் வந்தபோது அந்தப் பெண் கேட்டுக்கு வந்தார்.

யார் வந்தாலும் போனாலும் காவலாளி ஒரு நீளமான நோட்டில் எழுதுவார். அதை கேட் புக்கு என்போம். தினமும் காலையில் அது என் மேஜைக்கு வரும். ஒரு நாள் அதில் இப்படி இருந்தது: “லோக்கல் லேடி. நிலம் விற்ற குடும்பம். உள்ளே கங்கம்மா பூஜை போட வேண்டுமாம்.” எதிரே குறிப்பு எழுதும் இடம் காலியாக இருந்தது.

தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் என்ன பயம் என்று தெரியும். இன்றைக்கு ஒரு சூடம், அடுத்த வாரம் ஒரு கல், மஞ்சள் குங்குமம், அதற்கு மேல் நாலு தகரம். பிறகு அந்த இடத்தைத் தொட முடியாது. தொட்டால் ஊரே வந்து நிற்கும். வேறு ஒரு சைட்டில் இப்படி வேலை மாதக்கணக்கில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் பொய்யில்லை.

ஆனால் எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. அதை அன்று யாரிடமும் சொல்லவில்லை, எந்தக் கட்டத்திலும் எழுதவுமில்லை. நான் ஒரு முஸ்லிம். சைட்டில் பாதிப் பேர் என்னை ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் போய் நின்று ‘பூஜை போடக் கூடாதும்மா’ என்று சொன்னால், சாயங்காலத்துக்குள் அது வேறு பேச்சாகிவிடும் என்று நினைத்தேன். இந்தப் பக்கத்தில் என்னை அப்படி யாரும் பேசியதில்லை. இருந்தாலும் நினைத்தேன். அதனால் அந்தப் பெண்ணின் கண்ணில் படாமல் இருப்பதே நல்லது என்று முடிவு பண்ணி, காலியாக இருந்த இடத்தில், “மரியாதையாகத் திருப்பி அனுப்பவும்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கேட்டுக்கும் என் அறைக்கும் இருநூறு அடி இருக்கும்.

நாலு நாள் கழித்து அவர் மறுபடியும் வந்தார். அதே வரி, அதே கையெழுத்து. மூன்றாவது முறை வந்தபோது திருப்பி அனுப்பியும் போகாமல், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் சாயங்காலம் வரை நின்றுகொண்டிருந்தாராம். அதையும் காவலாளி எழுதியிருந்தார். அன்றைக்கு நான் ரிஸ்க் ரெஜிஸ்டரைத் திறந்தேன். எதெல்லாம் நம் வேலையைக் கெடுக்கும் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம் என்று மதிப்பெண் போடுவோமே, அந்த ரெஜிஸ்டர். அதில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன். ‘நிலம் விற்ற குடும்பம் சைட்டுக்குள் வழிபாட்டு உரிமை கோருதல். வாய்ப்பு நடுத்தரம். பாதிப்பு அதிகம். நடவடிக்கை: நுழைவு மறுப்பு, தொடர் கண்காணிப்பு.’ மஞ்சள் நிறம் பூசினேன். பிராஜெக்ட் மேனேஜர் படித்துவிட்டுத் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. பின்தங்கிய வேலையைப் பிடிக்க வேண்டும் என்று காலையிலேயே கிரேனைக் கொண்டுவந்தார்கள்.

கிரேனை ஓட்டுபவர் வேலு. ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம், முப்பத்தைந்து வயசிருக்கும். நான் பார்த்த ஆபரேட்டர்களில் நிதானமானவர். கீழே நின்று பாரத்தைக் கொக்கியில் மாட்டிக் கையசைத்து வழிகாட்டுபவர் மங்கல், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர். வேலுவுக்கு இந்தி பாதி, மங்கலுக்குத் தமிழ் கால். ஆனால் இவர் கையைப் பார்த்தே அவர் வண்டியை நகர்த்துவார், மதியம் இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். வேறு ஆளை வைத்துத் தூக்கச் சொன்னால் வேலு முகம் சுளிப்பார்.

கிரேன் பாரம் தூக்கும்போது அதன் நாலு இரும்புக் கால்களையும் விரித்து, கீழே கனமான கட்டைகள் போட்டு ஊன்றுவார்கள். கால் ஊன்றிய மண் உறுதியாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு பெர்மிட் படிவம் உண்டு. அதன் கடைசி வரி: ‘தரை உறுதியானது என்று ஆபரேட்டர் பரிசோதித்து உறுதி செய்தார்.’ அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான்தான். ரோலர் ஓட்டி இறுக்கிய மேல்மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு கிரேன் ஆபரேட்டருக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. குறைக்க முடியாத ரிஸ்க்கை அடுத்தவர் பெயருக்கு மாற்றிவிடு என்று நம் பாடப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது, உங்களுக்கும் நடத்தியிருப்பார்கள். மண் பரிசோதனையைத் தூண்கள் வரும் இடங்களில் மட்டும்தான் செய்திருந்தோம். கிரேன் நிற்கும் இடத்துக்கு வேலுவின் கையெழுத்துதான் பரிசோதனை.

அன்று வேலு கட்டைகளை ஒவ்வொன்றாகக் குதிகாலால் மிதித்துப் பார்த்ததை என் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படிவம் வந்தது, அவர் போட்டிருந்த கையெழுத்தின் கீழே நானும் போட்டேன். பத்து மணி சுமாருக்கு ஒரு சத்தம் கேட்டது. அந்த மாதிரிச் சத்தத்தைக் கேட்டவர்கள் என்னவென்று யோசிக்க மாட்டார்கள், ஓடுவார்கள். ஓடினேன்.

பின்பக்கத்து இடது கால் மண்ணுக்குள் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இறங்கியிருந்தது. வண்டி சாய்ந்து, பாரம் தூக்க நீட்டியிருந்த இரும்புக் கை முழுசாகத் தரையில் கிடந்தது. மங்கல் அதன் கீழே இருந்தார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். வேலு மணிக்கட்டு உடைந்து, சாய்ந்த கேபினுக்குள் பெல்ட்டில் தொங்கியபடி கத்தினார்.

“மங்கல்! டேய் மங்கல்! கைய காட்றா! கைய காட்டு!”

அவரை இறக்குகிற வரைக்கும் அதையே கத்தினார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு அந்தக் குழியின் ஓரத்தில் போய் நின்றேன். சரிந்த மண்ணுக்கு நடுவே வளைவாக அடுக்கிய கருங்கல் தெரிந்தது. ஒரு கல் மட்டும் படி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சின்ன வயசில் அந்த மாதிரிப் படியில் இறங்கித்தான் நான் நீச்சல் கற்றேன். ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. விவசாயக் கிணறு.

வேலிக்கு வெளியே கூட்டம் கூடியிருந்தது. அதில் ஒரு பெண் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயசு இருக்கும். கையில் ஒன்றும் இல்லை. போனேன்.

“அது எங்க கெணறுங்க,” என்றார். பெயர் ரத்னம்மா என்று அப்புறம் தெரிந்தது. மூன்று முறை கேட்டுக்கு வந்தவர் அவர்தான் என்று சொல்லாமலே புரிந்துவிட்டது.

“எப்பம்மா மூடினீங்க?”

“நாங்க எதுக்குங்க மூடறோம்? புரோக்கரு மூடுனான். கம்பெனிக்காரங்க வந்து பாக்கறதுக்கு முன்னாடி லாரி லாரியா மண்ணு கொண்டாந்து கொட்டிட்டான். கெணறு இருந்தா அவங்க நூறு கேள்வி கேப்பாங்கன்னு.”

“நீங்க பூஜை போடணும்னுதானே வந்தீங்க? கிணறுன்னு சொல்லலையே?”

அவர் குழியைப் பார்த்தபடியே பேசினார். “யார்கிட்ட சொல்றதுங்க? கேட்ல நிக்கறவங்க எல்லாம் அவன் ஆளுங்க. எங்க வூட்டுக்காரரு ஒருக்கா கெணத்தப் பத்தி வாயத் தொறந்ததுக்கே வூட்டாண்ட வந்து மெரட்டிட்டுப் போனான். சாமி காரியம்னா தடுக்க மாட்டாங்க, உள்ள கூட்டிகினு போவாங்க, பெரிய ஆளு யாராச்சும் கூட வருவாங்க, அவங்ககிட்ட எடத்தக் காட்டி இங்க கெணறு இருக்குது, மேல வண்டிய நிறுத்தாதீங்கன்னு சொல்லிடலாம்னு வந்தனுங்க. மூணு தபா வந்தேன். யாருமே வெளிய வரலியே.”

அவர் எந்த வார்த்தைக்குக் கதவு திறக்கும் என்று நினைத்தாரோ, அந்த வார்த்தைக்குத்தான் நான் கதவைச் சாத்தியிருந்தேன்.

போனில் குழியை இரண்டு படம் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். கேட் புக்கை எடுத்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். ஏன் பூட்டினேன் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால், பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லியிருப்பேன்.

போலீஸ் வந்தபோது மறுபடி மழை பிடித்துக்கொண்டது. குழியில் தண்ணீர் நின்றது, கல் எதுவும் தெரியவில்லை. அன்று பிற்பகலே தலைமையகத்து வக்கீல்கள் திரையில் வந்தார்கள். மங்கலுக்காக ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தார்கள். பிறகு பெர்மிட் படிவத்தைக் கேட்டார்கள். கடைசி வரியையும் வேலுவின் கையெழுத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். “இது மிக நல்ல படிவம். யார் தயாரித்தது?” என்றார் ஒருவர். என் பெயரைச் சொன்னார்கள்.

படிவம் போலீசுக்குப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப்போட்ட கையோடு வேலுவை அழைத்துப்போய் ரிமாண்ட் செய்தார்கள். தரையைச் சரியாகப் பார்க்காமல் வண்டியை நிறுத்தி ஓர் உயிரைப் போக்கினார் என்பது வழக்கு. மங்கலின் உடலை விமானத்தில் ஊருக்கு அனுப்பினோம். கூடவே போன இரங்கல் கடிதத்தை எழுதியவனும் நான்தான். ‘எதிர்பாராத விபத்து’ என்று எழுதினேன்.

நாலாம் நாள் நிலப் பத்திரங்கள் இருந்த ஃபைலை எடுத்துப் பார்த்தேன். கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து வாங்கிய அடங்கல் நகல் அதில் இருந்தது. எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், எதிலிருந்து தண்ணீர் என்று எழுதும் கணக்கு அது. ரத்னம்மா குடும்பத்தின் எண்ணுக்கு எதிரே ‘கிணறு’ என்று இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக என் தலைக்குப் பின்னால் அலமாரியில் இருந்த காகிதம். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று வக்கீல் பார்த்துவிட்டார், அதோடு எல்லாரும் மூடி வைத்துவிட்டோம். ஒரு நிலத்துக்கு எங்கிருந்து தண்ணீர் வந்தது என்பது மண்ணைப் பற்றிய செய்தி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்களில் யாராவது இதைப் படித்துவிட்டு நாளைக்கே உங்கள் சைட்டின் அடங்கலை எடுத்துப் பார்த்தால், நான் எழுதியதற்கு அந்த அளவுக்காவது பலன் இருக்கும்.

பிராஜெக்ட் மேனேஜரிடம் போனேன். படம், அடங்கல், கேட் புக் மூன்றையும் மேஜையில் வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். என் கையெழுத்து இருந்த மூன்று வரிகளையும் விரலால் தொட்டார்.

“இதைக் கொடுத்தால் உங்கள் பெயர்தான் வரும்,” என்றார். “கம்பெனி உங்களைத் தனியாக நிறுத்திவிடும். என் பெயரையும் நான் சொல்வேன். ஆனால் அவர்கள் அதை வெளியே வரவிட மாட்டார்கள். நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.”

இந்த இடத்தில் நான் நேராக ஸ்டேஷனுக்குப் போனேன் என்று எழுத எனக்கு ஆசைதான். நான் புக்கை எடுத்துக்கொண்டு என் அறைக்குத் திரும்பி மறுபடி டிராயரில் வைத்தேன். விசாரணையில் தானாகவே வெளிவரும் என்று சொல்லிக்கொண்டேன். ரத்னம்மாவின் பெயரை இழுத்தால் புரோக்கர் அவரைச் சும்மா விட மாட்டான், அவரைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருக்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டேன். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. அது சொல்லாமலே மனசில் இருந்தது. பயந்துகிடந்தேன், அதுதான் உண்மை. மழை நின்றிருந்தும் குழியை யாரும் பார்க்க முடியாமல் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அதற்கான பெர்மிட்டிலும் நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதாம் நாள் காலை. பழைய நோட்டு என் டிராயரில் இருந்ததால் கேட்டில் புது நோட்டு வைத்திருந்தார்கள். அது என் மேஜைக்கு வந்தது. “லோக்கல் லேடி. கிரேன் ஆபரேட்டர் மனைவி. பாயைப் பார்க்க வேண்டுமாம். நிற்கிறார்.” குறிப்பு எழுதும் இடம் காலியாக இருந்தது.

பேனா கையில்தான் இருந்தது. நோட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கேட்டுக்கு நடந்தேன்.

செல்வி என்று பெயர் சொன்னார். ஊத்தங்கரையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, கிருஷ்ணகிரியில் மாறி வந்திருந்தார். அழவில்லை.

“நீங்கதான் பாயா? அவரு உங்களப் பத்தி நெறைய சொல்லுவாருண்ணா. பாய் கையெழுத்து போட்டா வண்டிய கண்ண மூடிகினு நிறுத்தலாம்னு சொல்லுவாரு.”

காவலாளியைக் கேட்டைத் திறக்கச் சொன்னேன். செல்வி அங்கேயே நின்று கேட்டார்.

“அவரு மேல தப்பு இருக்குதாண்ணா? இருந்தா இருக்குதுன்னு சொல்லிடுங்க. நான் திரும்பிப் போயிடறேன். அவர் செஞ்ச தப்புக்கு அவரு அனுபவிக்கட்டும்.”

“இல்லம்மா. அவர் மேல தப்பு இல்ல.”

“இது உங்களுக்குத் தெரியுமா, இல்ல சும்மா எனக்காவ சொல்றீங்களா?”

“தெரியும்.”

“அப்ப ஏண்ணா அவரு உள்ள இருக்கறாரு?”

அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்துவிட்டு, டிராயரைத் திறந்து பழைய கேட் புக்கை எடுத்தேன், ஃபைலிலிருந்து அடங்கலையும். பிராஜெக்ட் மேனேஜரிடம் போய், ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றேன். அவர் ரிஸ்க் ரெஜிஸ்டரிலிருந்து நான் மஞ்சள் பூசிய அந்தப் பக்கத்தை அச்செடுத்தார். அதன் அடியில் தன் கையால் ஒரு வரி எழுதினார்: ‘நானும் இதைப் படித்தேன். நானும் கேட்டுக்குப் போகவில்லை.’ பெயரும் பதவியும் எழுதி என்னிடம் நீட்டினார். பதினைந்து நாளுக்குள் அவரை அவர் நாட்டுக்கே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டினார். படங்களைப் பார்த்தார். அடங்கலைப் படித்தார். கடைசியில் கேட் புக்கை மூடிவிட்டுக் கேட்டார்.

“ஒம்போது நாளா இது எங்க இருந்துச்சு பாய்?”

“என் மேஜை டிராயர்ல.”

“பூட்டியா?”

“பூட்டித்தான்.”

அதையும் எழுதிக்கொண்டார்.

தார்ப்பாயை எடுத்துத் தண்ணீரை இறைத்துப் பார்த்தார்கள். கிணறு முழுசாக வந்தது. வேலு வெளியே வந்தார். என்னையும் புரோக்கரையும் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களாகச் சேர்த்தார்கள். அது இன்னும் நடக்கிறது, அதனால் அதிகம் சொல்லக் கூடாது. கம்பெனி எனக்கு ஒரு கடிதம் கொடுத்தது. அதில் ‘ஓய்வு’ என்ற சொல்தான் இருந்தது. ரத்னம்மாவை புரோக்கர் ஆட்கள் ஒரு தடவை வழிமறித்துப் பேசினார்கள். ஊர்க்காரர்கள் திரண்டு நின்றதால் அதோடு போனது. அவரைக் காப்பாற்ற என் மௌனம் தேவைப்படவில்லை.

வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்யப்போகிற உங்களை ‘உள்ளூர் அறிவு’ என்றுதான் அவர்கள் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டத்தை நம்பிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஊர் என்பது நான் சின்ன வயசில் பார்த்த ஊர். அந்த நிலம் யார் கையால் எப்போது எப்படி மாறியது என்பது எனக்கும் என் வெளிநாட்டு மேனேஜருக்கும் ஒரே அளவுதான் தெரியும். தனக்குத் தெரியாது என்பதாவது அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் கேட்டுக்கு யாராவது வந்து எதையாவது கேட்டால், அது பூஜையோ வேலையோ சண்டையோ, எழுந்து போங்கள். அவர் கேட்பதைக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எதிரே போய் நில்லுங்கள், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. வேலு வெளியே வந்து ஒரு மாதம் ஆன பிறகு அவர் ஊருக்குப் போனேன். ஊத்தங்கரையில் இறங்கி இன்னொரு பஸ். வானம் பார்த்த பூமி, நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வேலு வாசலில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மணிக்கட்டு வளைந்து கூடியிருந்தது. இனிமேல் கிரேன் ஓட்ட முடியாது என்று அவரே சொன்னார். செல்வி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு அவரே ஆரம்பித்தார்.

“உங்க மேல கோவம்லாம் இல்ல பாய். நீங்கதான் வந்து சொன்னீங்கன்னு தெரியும். ஆனா ஒண்ணு. அந்த ஒம்போது நாளும் நான்தான் மங்கலக் கொன்னுட்டேன்னு நெனச்சுகினு கெடந்தேன். அந்த ஒரு கட்டய மட்டும் சரியா மிதிச்சுப் பாக்கலயோன்னு. ரோசன பண்ணப் பண்ண, பாத்தாப்பலயும் இருக்குது, பாக்காத மாதிரியும் இருக்குது. ஜெயில்ல என்கூட இருந்தவங்க கேட்டாங்க, ஆமாண்டா நான்தான் கொன்னேன்னு சொல்லிட்டேன். இப்பவும் சில நேரம் அப்பிடித்தான் தோணுது. கெணறு இருந்துச்சுன்னு தெரிஞ்சும் தோணுது.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் தொடவில்லை.

“என்ன வெளிய உட்டுருக்கணும்னு கூட இல்ல பாய். அங்க கெணறு இருந்துச்சுன்னு மொத நாளே ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாம்.”

மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். கேட்டால் ‘பரவால்ல பாய்’ என்று சொல்லிவிடுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கேட்காமலே எழுந்து பஸ்ஸுக்கு நடந்தேன்.